படித்துறையில் பதினொன்றாம் நம்பர் சாவி

அன்றைக்கு எங்கள் லாட்ஜில் இருந்தவர்களின் பட்டியலை இன்றைக்கும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவேன். யாராவது வந்து கேட்பார்கள், கேட்டால் தடுமாறக் கூடாது என்று காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதிச் சட்டைப் பையில் வைத்திருந்தேன். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை எடுத்துப் படித்தேன்.

கவுண்டரில் நான். அறை கூட்டும் அக்கா, கோவில்பத்திலிருந்து எட்டு மணி பஸ்ஸில் வந்தவர். இரண்டாம் நம்பரில் லாரி டிரைவர் ஒருவர். கீழவாஞ்சூர் துறைமுகத்தில் நிலக்கரி ஏற்ற இன்னும் முறை வரவில்லை என்று மூன்று நாளாகத் தங்கியிருந்தார். ஐந்தாம் நம்பரில் கணவன், மனைவி, மூன்று வயதுப் பெண் குழந்தை. திருநள்ளாற்றுக்குச் சனீஸ்வரனைக் கும்பிட வந்தவர்கள். பதினொன்றாம் நம்பரில் ஒருவர். மற்ற அறைகள் காலி.

அந்த ஒருவரை இருந்தவர் கணக்கில் எழுதுவதா, இல்லாமல் போனவர் கணக்கில் எழுதுவதா என்பதுதான் காலை பத்து மணியிலிருந்து மதியம் ஒன்றரை மணி வரை எனக்குத் தெரியவில்லை. அந்த மூன்றரை மணி நேரத்தைப் பற்றித்தான் எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

முதலில் லாட்ஜைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். காரைக்காலில் அரசலாற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிற மாடிக் கட்டடம். அறைகள் பதினொன்று. ஆனால் நம்பர் பன்னிரண்டு வரை போகும். ஏழு கிடையாது. ஆறாம் நம்பருக்கு அடுத்த கதவில் ‘ஸ்டோர்’ என்று எழுதியிருக்கும். நான் வேலைக்குச் சேர்வதற்கு முன்னால் அங்கே தனியாகத் தங்கிய ஒரு மனிதர் மறுநாள் கதவைத் திறக்கவில்லையாம். அதற்கு மேல் முதலாளி எனக்குச் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. நம்பர் தகட்டைப் பிடுங்கிவிட்டு, கிழிந்த மெத்தைகளை உள்ளே போட்டுப் பூட்டிவிட்டார்கள். மெத்தை எடுக்கவோ வைக்கவோ அந்த அறைக்குள் போகிற வேலை வந்தால் நான் அக்காவை அனுப்பிவிடுவேன். அவர் பாட்டுக்குப் போய்ப் பாட்டுப் பாடிக்கொண்டே எடுத்து வருவார்.

அதற்குப் பிறகுதான் கவுண்டருக்கு மேலே அந்தப் பலகை வந்தது: ‘தனி நபருக்கு அறை இல்லை.’ துறைமுகத்து டிரைவர்கள் விதிவிலக்கு. அவர்களுக்குப் பின்னால் ஒரு லாரி இருக்கிறது, லாரிக்குப் பின்னால் ஒரு கம்பெனி இருக்கிறது. அடையாளம் தெரியாத தனி ஆளுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

எங்கள் மாதிரி ஐந்நூற்றைம்பது ரூபாய் லாட்ஜுக்கு மூன்று வகை ஆட்கள் வருவார்கள். வாஞ்சூர் எல்லையைத் தாண்டி, இந்தப் பக்கம் விலை குறைவு என்று குடிக்க வருகிறவர்கள் முதல் வகை. அவர்கள் மாடிப்படியில் உருண்டுவிடுவார்களோ என்று பயப்படுவேன். துறைமுகத்து ஆட்கள் இரண்டாவது. அவர்கள் படுக்கையில் பீடியோடு தூங்கிவிடுவார்களோ என்று பயப்படுவேன். சனி தோஷம் கழிக்கத் திருநள்ளாறு வருகிறவர்கள் மூன்றாவது. அங்கே அறை கிடைக்காதபோதுதான் எங்களிடம் வருவார்கள். அவர்களைப் பற்றி எனக்குப் பயமே இருந்ததில்லை. சாமி கும்பிட வருகிறவர்கள், சத்தம் போடாதவர்கள், விடியற்காலையில் எழுந்து போய்விடுகிறவர்கள்.

அவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. கணக்கை முடித்துச் சாவியை மேசையில் வைப்பார்கள், போய்விடுவார்கள். ‘போயிட்டு வர்றோம்’ என்று சொல்ல மாட்டார்கள். சொன்னால் விட்டு வந்தது கூடவே வந்துவிடுமாம். நாங்களும் ‘மறுபடி வாங்க’ என்று சொல்வதில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு அம்மாவிடம் அப்படிச் சொல்லிவிட்டேன். அவர் படியிலேயே உட்கார்ந்து அழுதார். அதிலிருந்து வாயை மூடிக்கொண்டு தலையை மட்டும் ஆட்டுவேன்.

என்னைப் பற்றியும் ஒரு வார்த்தை. நான் கருக்களாச்சேரிக்காரன். எட்டாம் வகுப்போடு நிறுத்திப் படகில் ஏற்றினார்கள். மூன்று நாள் போனேன். மூன்று நாளும் வாந்தி. அலைக்கு இல்லை, பயத்துக்கு. அண்ணன், ‘இவன் கடலுக்கு ஆவ மாட்டான், கரையில எங்கயாவது நிக்க வைங்க’ என்று சொல்லிவிட்டான். கரையில் நின்றபோதும் பயம் போகவில்லை. சுனாமிக்குப் பிறகு தண்ணீர் ஓரத்தில் ஆளில்லாமல் கிடக்கிற துணியைப் பார்த்தால் நான் வேறு வழியாகச் சுற்றிப் போய்விடுவேன். லாட்ஜின் பின்கதவைத் திறந்தால் படித்துறை. பத்து வருடத்தில் நான் அதில் இறங்கியது இரண்டு தடவையோ மூன்று தடவையோதான்.

அவர் வந்தது வியாழக்கிழமை சாயங்காலம். நாற்பத்தைந்து, ஐம்பது வயது இருக்கும். ஒல்லி. கையில் ஒரு துணிப்பை. பலகைக்கு நேர் கீழே நின்றுகொண்டே கேட்டார்.

“ஒரு ரூம் வேணுங்க. ரெண்டு நாளு.”

“தனியா வந்தா குடுக்கறதில்லைங்க. பலகையில போட்டிருக்கு பாருங்க.”

அவர் நிமிர்ந்து பலகையைப் படித்தார். மெதுவாக, எழுத்துக் கூட்டுகிற மாதிரி. “ஏழு எடம் கேட்டுட்டேன். எல்லா எடத்துலயும் இதேதான் சொல்றாங்க. குடும்பத்தோட வந்து கழிக்கிற அளவுக்கு காசு இல்லீங்க எனக்கு. ஏழரை என்னோடதுதானே, நான் மட்டும் வந்தா போதும்னு ஜோசியர் சொல்லிட்டாரு.”

அவருடைய குரலில் இருந்ததை என்னவென்று சொல்ல. எட்டாவது இடத்திலும் இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொல்லி அனுப்பி, அவர் வேறு எங்காவது போய் ஏதாவது செய்துகொண்டால் அதுவும் என் தலையில்தானே விழும் என்றும் நினைத்தேன். எனக்கு இரக்கம் எப்போதும் பயத்தோடு சேர்ந்துதான் வரும்.

ஆதார் அட்டையைக் காட்டினார். எங்கள் ஜெராக்ஸ் மெஷின் கெட்டுப்போயிருந்தது. “கடைத்தெருவுல ஒரு காப்பி எடுத்துக் குடுத்துருங்க” என்று அட்டையை அவரிடமே திருப்பிக் கொடுத்தேன். ஐந்நூறு ரூபாய் அட்வான்ஸ் தந்தார். நோட்டில் அவரே பெயரும் ஊரும் போன் நம்பரும் எழுதினார். ஜெயங்கொண்டம் பக்கத்து ஊர். பிறகு, “என் போன்ல சார்ஜ் இல்லீங்க, வீட்டுக்கு ஒரு வார்த்தை சொல்லிக்கலாமா” என்று என் போனை வாங்கிப் பேசினார்.

“ரூம் கிடைச்சிருச்சு. நீ சாப்புடு. இதோட எல்லாம் முடிஞ்சிரும், கவலைப்படாத.”

அன்றைக்கு அது எனக்குச் சாதாரணப் பேச்சாகத்தான் கேட்டது.

வெள்ளிக்கிழமை விடியற்காலையில் திருநள்ளாறு போனார். மதியத்துக்கு மேல் திரும்பினார். புது வேட்டி கட்டியிருந்தார், ஆனால் முகம் தெளியவில்லை. கையில் ஒரு பிளாஸ்டிக் கவர், உள்ளே ஈரத்துணி. கவுண்டருக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றார்.

“இங்க ஆறு எந்தப் பக்கங்க?”

“பின்கதவைத் திறந்தா படித்துறைதான். காலையில அஞ்சு மணிக்கெல்லாம் திறந்திருவேன்.”

இதைச் சொன்னவன் நான். கையை நீட்டி வழி காட்டியவனும் நான். ஆதார் காப்பியை மட்டும் கேட்க மறந்துபோனேன்.

சனிக்கிழமை பத்து மணிக்கு அக்கா துவைத்த போர்வைகளைப் பின்பக்கம் காயப்போடப் போனார். போன வேகத்தில் திரும்பி வந்தார். அவர் கையில் எங்கள் சாவிக்கட்டை. மரத்தில் ‘11’ என்று சுட்டு எழுதியது.

“தம்பி, இது ஏன் படித்துறையில கெடக்கு?”

“எங்கக்கா இருந்துச்சு?”

“ஒரு சட்டைப் பையில துருத்திக்கிட்டு இருந்துச்சு, சாவியை மட்டும் உருவிக்கிட்டு வந்தேன். வேட்டி, சட்டை, துண்டு எல்லாம் படியில கெடக்கு. செருப்பு மேல்படியில சோடியா வெச்சிருக்கு. ஆளைக் காணோம்.”

நான் ஓடிப்போய்ப் பார்த்தேன். அக்கா சொன்னது சொன்னபடி இருந்தது. வேட்டியும் சட்டையும் நனைந்து, சேறு ஒட்டி, நடுப்படியில் கிடந்தன. தண்ணீர் அதற்கு மூன்று படி கீழே இருந்தது. செருப்பு இரண்டும் ஆற்றைப் பார்த்தபடி, யாரோ வீட்டுக்குள் போகும்போது கழற்றி வைத்த மாதிரி இருந்தன. எனக்கு அந்த ஒழுங்குதான் பயமாக இருந்தது.

இப்போது இதைப் படிக்கிறவர்கள் சொல்லலாம்: திருநள்ளாற்றுக்கு வருகிறவர்கள் குளத்தில் முழுகிவிட்டு உடுத்தியிருந்த துணியை விட்டுவிட்டுத்தானே போவார்கள், அது உனக்குத் தெரியாதா என்று. தெரியும். ஆனால் அது திருநள்ளாற்றில், குளத்தில் நடப்பது. ஊருக்குள், ஆற்றுப் படியில், லாட்ஜ் சாவியோடு கிடக்கிற துணிக்கு என் மனதில் வேறு ஒரு அர்த்தம்தான் உண்டு.

மாடிக்கு ஓடினோம். பதினொன்றின் கதவு வெறுமனே சாத்தியிருந்தது. நான் முதலில் மேலே ஃபேனைப் பார்த்தேன். எந்த அறைக்குள் போனாலும் நான் முதலில் பார்ப்பது ஃபேன் கொக்கியைத்தான். ஒன்றும் இல்லை. படுக்கை விரித்தபடியே இருந்தது. குளியலறையில் ஒரு சின்ன பாட்டில், அடியில் கொஞ்சம் மஞ்சளாக ஏதோ.

“அக்கா, அதைத் தொடாதீங்க. மருந்தா இருக்கும்.”

அக்கா எடுத்து மூடியைத் திறந்து முகர்ந்தார். “நல்லெண்ணெய். தலைக்குத் தேச்சிருக்கான் மனுசன். பையைக் காணோம் பாரு. சாவப் போறவன் பையைத் தூக்கிக்கிட்டா போவான்?”

“அதுல கல்லைப் போட்டு இடுப்புல கட்டியிருந்தா?”

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். “ஒனக்கு மட்டும் எங்கேருந்து தம்பி இதெல்லாம் தோணுது? நல்லதா ஒண்ணு நெனச்சுப் பாரு, ஒரு தடவை.”

ஆனால் அவரும் கட்டிலை நெருங்கவில்லை. வாசலிலேயே நின்றார்.

கீழே வந்து நோட்டைப் புரட்டினேன். பெயர் இருந்தது. ஊர் இருந்தது. போன் நம்பரை எண்ணினேன். ஒன்பது எண்கள்தான் இருந்தன. மறுபடியும் எண்ணினேன். விரல் வைத்து எண்ணினேன். ஒன்பது.

அப்போது முதலாளியின் போன் வந்தது. அவர் புதுச்சேரியில் இருந்தார். தினமும் பதினொரு மணிக்கு அழைப்பார்.

“எத்தனை ரூம் ஓடுது?”

“மூணுங்க.”

“யாரு யாரு?”

“ரெண்டுல போர்ட் டிரைவர். அஞ்சுல ஃபேமிலி.” நிறுத்தினேன். “பதினொண்ணுலயும் ஃபேமிலிதாங்க.”

“ஆதார் எல்லாம் வாங்கிட்டியா?”

“வாங்கிட்டேங்க.”

“சரி, சாயங்காலம் வர்றேன். நோட்டை எடுத்து வை.”

ஒரு பொய்யை மறைக்க இன்னொரு பொய். சாயங்காலத்துக்குள் அந்த மனிதர் உயிரோடு வந்து நிற்க வேண்டும், இல்லையென்றால் பதினொன்றும் ஸ்டோர் ஆகும், நான் கம்பிக்குப் பின்னால் இருப்பேன். இதை நினைத்துக்கொண்டே ஆற்றங்கரைக்குப் போய்த் துணியையும் செருப்பையும் வாரி எடுத்துக்கொண்டு வந்தேன். நாய் இழுத்துப் போய்விட்டால்? யாராவது தூக்கிப் போய்விட்டால்? நாளைக்குக் கேட்பார்களே, உடைமை எங்கே என்று. இரண்டு கையாலும் மார்போடு அணைத்துத்தான் தூக்கி வந்தேன். சேறு என் சட்டையெல்லாம் ஆனது. கவுண்டருக்கு அடியில், என் காலுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன்.

ஐந்தாம் நம்பர்க்காரர்கள் இறங்கி வந்தார்கள். அந்தப் பெண்ணின் பார்வை துணிமேல் விழுந்தது. குழந்தையைத் தூக்கி மறுபக்க இடுப்பில் வைத்துக்கொண்டார்.

“எங்க கணக்கை முடிச்சிருங்க” என்றார் கணவர்.

“நாளைக்குத்தானே கிளம்பறதா சொன்னீங்க?”

“இல்லீங்க, முடிச்சிருங்க.”

பணத்தை வைத்தார்கள், சாவியை வைத்தார்கள், போய்விட்டார்கள். எப்போதும் போலச் சொல்லிக்கொள்ளாமல்தான் போனார்கள். ஆனால் அன்றைக்கு அது என்னை விட்டு ஓடுகிற மாதிரி இருந்தது.

இரண்டாம் நம்பர் டிரைவர் பல் துலக்கிக்கொண்டே வந்து விஷயத்தைக் கேட்டார். பின்கதவு வழியாக எட்டிப் பார்த்துவிட்டு வந்தார்.

“மேனேஜரே, முழங்கால் தண்ணிகூட இல்ல. இதுல எவன் சாவான். நம்ம ஆளு வாடகை குடுக்காம ஓடியிருப்பான்.”

“வேட்டியை அவுத்துப் போட்டுட்டா ஓடுவாங்க?”

“அதுவும் சரிதான்” என்றார். பல் துலக்குவதை நிறுத்திவிட்டு, பிரஷ்ஷை வாயில் வைத்தபடியே நின்றார்.

அவருக்குத் தெரியாதது எனக்குத் தெரியும். கடல் பக்கத்தில் இருப்பதால் எங்கள் ஆற்றில் தண்ணீர் ஒரே அளவில் நிற்காது. ஏற்றத்தில் கடல் உள்ளே தள்ளும், படி முழுகும், ஆள் முழுகும். வற்றத்தில் எல்லாவற்றையும் வெளியே இழுத்துக்கொண்டு போகும். இப்போது முழங்கால் தண்ணீர் என்றால் விடியற்காலையிலும் அப்படித்தான் இருந்திருக்கும் என்று அர்த்தமில்லை. அண்ணனுக்குப் போன் செய்தேன். அவன் கரையில் வலை பார்த்துக்கொண்டிருந்தான்.

“அண்ணே, இன்னிக்கு வத்தம் எப்ப?”

“காலையில அஞ்சு மணிக்கு மேல எடுத்துச்சு. ஏண்டா, கடலுக்கு வர்றியா?”

“ஆத்துல ஒண்ணு விழுந்தா... எங்க போய் வெளியில வரும்?”

“ஒண்ணுன்னா?”

“சும்மா கேட்டேன்.”

“சும்மா கேக்கற ஆளா நீ. விசயத்தைச் சொல்லு.”

சொன்னேன். பொய் சொன்னதையும் சொன்னேன். பக்கத்தில் யாரோ சிரிக்கிற சத்தம் கேட்டது.

“அந்த நேரத்துல எறங்கியிருந்தா முகத்துவாரத்துக்கு இழுத்திருக்கும். நான் நம்ம ஆளுங்ககிட்ட சொல்லி வைக்கிறேன். ஆனா மொதல்ல அந்தாளு வீட்டுக்குப் பேசு. ஆளு இருக்கானா இல்லியான்னு வீட்டுக்குத் தெரியாம ஆத்துக்கா தெரியும்?”

“நம்பர் இல்லண்ணே. நோட்டுல ஒன்பது எண்ணுதான் இருக்கு.”

சொல்லி முடிக்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது, நான் அண்ணனிடமும் பொய் சொல்கிறேன் என்று. நம்பர் இருந்தது. வியாழக்கிழமை சாயங்காலம் அவர் என் போனிலிருந்துதானே வீட்டுக்குப் பேசினார். அந்த நம்பர் என் போனுக்குள்ளேயே இருந்தது. பத்து மணியிலிருந்தே அது எனக்குத் தெரியும். வேறு எதை எதையோ செய்துகொண்டிருந்ததெல்லாம் அந்த நம்பரை அழுத்தாமல் இருக்கத்தான்.

எடுத்துப் பார்த்தேன். வியாழன், மாலை ஆறு ஐந்து. அதைத் தொட்டால் அந்தப் பக்கம் ஒரு பெண் எடுப்பார். ‘உங்க வீட்டுக்காரர் வந்துட்டாரா’ என்று கேட்க வேண்டும். வரவில்லை என்றால், அந்தக் கேள்வியிலேயே அவருக்கு எல்லாம் புரிந்துவிடும். ஒரு மனிதன் இல்லை என்ற செய்தி உலகத்தில் முதல்முதலாக என் வாயிலிருந்து போகும். நான் கேட்காத வரைக்கும் அந்த வீட்டில் அடுப்பு எரிந்துகொண்டிருக்கும். இப்படி நினைத்து நினைத்துப் பன்னிரண்டு மணி ஆனது, ஒரு மணி ஆனது.

அக்கா சாப்பாட்டு டப்பாவைத் திறந்தவர், மூடிவிட்டார். “தம்பி, ஒண்ணு ஸ்டேசனுக்குப் போ, இல்ல வீட்டுக்குப் பேசு. ரெண்டும் செய்யாம இப்படி என் மூஞ்சியையே பாத்துக்கிட்டு இருந்தா எனக்குச் சோறு எறங்க மாட்டேங்குது.”

“என்னன்னு கேக்கறதுக்கா?”

“சாவியைப் பத்திக் கேளு. சாவின்னா எவளும் பயப்பட மாட்டா.”

ஒன்றரை மணிக்கு அழுத்தினேன். நாலு தடவை மணி அடித்தது. ஒரு பெண் குரல்.

“யாருங்க?”

“காரைக்கால் லாட்ஜ்லேருந்து பேசறேங்க. ரூம் சாவி விஷயமா... அண்ணன் இருக்காருங்களா?”

“இருக்காரே. இப்பதான் சாப்ட்டுப் படுத்தாரு. எழுப்பவா?”

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். உட்கார்ந்தது எனக்கே தெரியவில்லை. கவுண்டர் திடீரென்று உயரமாகிவிட்டதே என்றுதான் நினைத்தேன். அக்கா என் முகத்தைப் பார்த்துப் பயந்து போனைப் பிடுங்கி, ஸ்பீக்கரில் போட்டார்.

“ஹலோ, ஹலோ, இருக்கீங்களா? சாவி அவருகிட்ட இல்லீங்களே.”

“சாவி கெடச்சிருச்சும்மா” என்றார் அக்கா. “சட்டைப் பையில இருந்துச்சு. உங்க வீட்டுக்காரரு பாட்டுக்குத் துணியையும் செருப்பையும் ஆத்துல விட்டுட்டுப் போயிட்டாரு, இங்க எங்க தம்பிக்கு உயிர் போயி உயிர் வந்துச்சு.”

அந்த அம்மா கொஞ்சம் குரலைத் தாழ்த்திக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னார். குளத்தில் துணியைப் போட வேண்டாம், அதற்கென்று வைத்திருக்கிற தொட்டியில் போடுங்கள் என்று கோவிலில் சொல்லியிருக்கிறார்கள். இவருக்கு மனது ஒப்பவில்லை. தொட்டியில் போட்டால் தோஷம் தொட்டிக்குள்ளேயேதான் கிடக்கும், ஓடுகிற தண்ணீரில் போக வேண்டும் என்று ஈரத்துணியைக் கையோடு கொண்டுவந்துவிட்டார். சனிக்கிழமை விடியற்காலையில் எண்ணெய் தேய்த்து, அதே துணியை மறுபடி கட்டிக்கொண்டு ஆற்றில் முழுகி, அவிழ்த்துத் தண்ணீருக்குள் இருந்த படியில் விட்டிருக்கிறார். செருப்பையும் விட்டுவிட்டார். வேறு உடுத்திக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல், யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல், வெறுங்காலோடு ஆற்றங்கரை வழியாகவே நடந்துபோய் முதல் பஸ் ஏறிவிட்டார்.

அவர் ஊரில் ஆறு ஒரு பக்கம்தான் ஓடும். தண்ணீரில் விட்டது போய்க்கொண்டே இருக்கும். எங்கள் ஊரில் அவர் திரும்பிப் பார்க்காமல் நடந்த நேரத்தில் தண்ணீர் மெல்ல மெல்லப் படியை விட்டு இறங்கி, அவர் விட்டதையெல்லாம் அங்கேயே வைத்துவிட்டுப் போயிருக்கிறது. கடற்கரையில் பிறந்த எனக்கு இது தோன்றியிருக்க வேண்டும். பயம் முந்திக்கொண்டது.

“துணி பத்திரமா இருக்குங்க” என்றேன் நான், தரையில் இருந்தபடியே. அவருக்கு நிம்மதியாக இருக்கட்டும் என்றுதான் சொன்னேன். “நாய் இழுத்துட்டுப் போயிரப் போவுதேன்னு நானே தூக்கிட்டு வந்து கவுண்டர்ல வெச்சிருக்கேன்.”

“கையாலயா தொட்டீங்க?” என்றார் அந்த அம்மா.

நான் என் சட்டையைப் பார்த்தேன். மார்பு முழுக்கச் சேறு காய்ந்திருந்தது. அக்கா போனைப் பிடித்தபடியே என்னிடமிருந்து ஓர் அடி தள்ளி நின்றார். அதை நான் கவனித்தேன்.

அந்த வீட்டில் ஓர் ஆணின் குரல் கேட்டது. அவர்தான். “யாரு, அந்த ஊர்லேருந்தா? வையி போனை.”

“ரூம் பாக்கி எவ்வளவுங்க?” என்று அந்த அம்மா அவசரமாகக் கேட்டார்.

“ரெண்டு நாள் ஆயிரத்து நூறுங்க. ஐந்நூறு குடுத்திருக்காரு. அறுநூறு.”

“ஒரு மண்டலம் அந்த ஊரோட குடுக்கல் வாங்கல் வேணாங்கறாரு. நாப்பத்தெட்டு நாள் முடிஞ்சதும் அனுப்பிருவேன். தப்பா நெனச்சுக்காதீங்க.” வைத்துவிட்டார்.

டிரைவர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “ஏழரை வருசத்தையும் மொத்தமா தூக்கிட்டு வந்து காலடியில வெச்சிருக்காரு மேனேஜரு.”

அக்கா சிரிக்கவில்லை. “மொதல்ல அதைக் கொண்டுபோயி எடுத்த எடத்துலயே வை. நான் தொட மாட்டேன், சொல்லிட்டேன்.”

மூன்று மணிக்கு ஏற்றம் வந்தது. தண்ணீர் மறுபடி படியேறிக்கொண்டிருந்தது. நான் காலையில் தொடாமல் விட்டிருந்தால், அந்த நேரத்துக்குத் துணி தானாகவே கிளம்பியிருக்கும். கீழே இறங்கினேன். கால் முழுகியது, முழங்கால் முழுகியது. கடலிலிருந்து வருகிற தண்ணீரின் அந்த இழுப்பு, படகில் நான் வாந்தி எடுத்த அந்த மூன்று நாளின் இழுப்பு, அப்படியே இருந்தது. துணியை விட்டேன். வேட்டி கொஞ்சம் விரிந்து, ஒரு தடவை என் காலைச் சுற்றிவிட்டுப் போனது. செருப்பையும் விட்டேன். அது மிதந்தது. பிறகு கண்ணை மூடிக்கொண்டு, மூக்கைப் பிடித்துக்கொண்டு, மேலே நின்ற அக்கா “ஆச்சா, ஆச்சா” என்று கேட்டுக்கொண்டிருக்க, மூன்று தடவை முழுகினேன். காலண்டர் தாளை முதலிலேயே எடுத்து அக்காவிடம் கொடுத்திருந்தேன். என் சட்டையையும் அங்கேயே விட்டேன். திரும்பிப் பார்க்காமல் ஏற வேண்டும் என்று நினைத்தேன். மேல்படியில் நின்று திரும்பிப் பார்த்துவிட்டேன். துணி போய்விட்டதா என்று தெரிய வேண்டுமே.

சாயங்காலம் முதலாளி வந்தபோது நான் பனியனோடு கவுண்டரில் இருந்தேன். “சட்டை எங்கடா?” என்றார். “சேறாயிருச்சுங்க” என்றேன். நோட்டைப் பார்த்தார். பதினொன்றாம் நம்பர் ஃபேமிலி காலி செய்துவிட்டார்களா என்று கேட்டார். முழுப் பணமும் கொடுத்துவிட்டார்கள் என்று சொல்லி, என் சம்பளப் பணத்திலிருந்து அறுநூறை எடுத்து அந்த ஐந்நூறோடு சேர்த்து வைத்தேன். அவர் எண்ணிப் பையில் போட்டுக்கொண்டார்.

நாற்பத்தெட்டு நாளையும் எண்ணினேன். அதற்குள் போன் ஒரு தடவை கீழே விழுந்து உடைந்தது, பின்கதவின் தாழ்ப்பாள் விரலை நசுக்கியது, காய்ச்சல் வந்தது. ஒவ்வொன்றுக்கும் அந்த வேட்டி என் காலைச் சுற்றியதுதான் ஞாபகம் வந்தது. அக்காவிடம் சொன்னேன்.

“அது அவரோட சனி இல்ல தம்பி. ஒன்னோடது. ஒங்கூடவே பொறந்தது” என்றார்.

நாற்பத்தொன்பதாவது நாளும் போய்விட்டது. பணம் வரவில்லை. போனை எடுத்து அந்த நம்பரைப் பார்ப்பேன். கேட்டால் அதுவும் குடுக்கல் வாங்கல்தானே, அவர் விட்டுவிட்டுப் போனதை நானே மறுபடி அவர் வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்த மாதிரி ஆகுமே என்று வைத்துவிடுவேன். கேட்காமல் விட்டால், எனக்கும் அதற்கும் நடுவில் ஒரு கணக்கு தீராமல் நிற்கிறதே என்று இன்னொரு பயம். ஒரு நாள், எழுதிவிட்டாலாவது கொஞ்சம் பாரம் குறையுமா என்று அந்தக் காலண்டர் தாளை எடுத்தேன். டிரைவர், கணவன், மனைவி, குழந்தை, அக்கா, நான் எல்லாரும் வரிசையாக இருந்தோம். கடைசி வரியில் பதினொன்று என்று மட்டும் எழுதி, பக்கத்தில் ஒன்றும் எழுதாமல் விட்டிருந்தேன். அதற்கு நேரே எழுதினேன்: இருந்தார். இருக்கிறார். பாக்கி அறுநூறு ரூபாய்.